நுகர்வோர் வழக்கை வக்கீல் வைக்காமல் நானே நடத்தலாமா?

உறையூர்வாசி:
வீட்டில் மாடுலர் கிச்சன் போட 1,60,000 ரூபாய் கொடுத்தோம். கொட்டேஷனில் பி.டபிள்யூ.ஆர் (தண்ணீர் தாங்கும் வகை) பிளைவுட் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் போட்டது வேறு ஏதோ பலகை. நாலே மாதத்தில் சிங்க்குக்குக் கீழே உப்பி, லேமினேட் உரிந்து, கதவு மூடுவதே இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு வக்கீலைக் கேட்டேன், ஃபீஸ் 30,000 ஆகும் என்றார். திருச்சி நுகர்வோர் ஆணையத்தில் நானே ஆஜராகலாமா? சட்டம் படித்தவள் இல்லை, ஆங்கிலத்தில் பேசவும் வராது. அவர்கள் பக்கம் வக்கீல் வருவார், நான் திணறினால் கேஸ் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஏசிக்காரர்:
தாராளமாக ஆஜராகலாம் சகோதரி. நான் ஒரு ஏசி கேஸை அப்படித்தான் நடத்தினேன், தமிழிலேயே பேசினேன், ‘ஐயா’ என்று கூப்பிட்டாலே போதும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் புகார்க் கட்டணமே கிடையாது. பிரச்சினை தொடங்கியதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். நுகர்வோர் புகாருக்கான இ-ஜாக்ரிதி என்ற அரசுத் தளத்தில் ஆன்லைனிலும் பதியலாம்.

பேச்சை நினைத்துப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே விசாரணை பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்துத்தான் நடக்கும், பெரும்பாலும் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லும் வேலையே இல்லை. என் கேஸில் என்னிடம் கேட்டதெல்லாம் பில் எங்கே, எந்தத் தேதியில் புகார் சொன்னீர்கள் என்பதுதான். அதனால் உங்கள் உழைப்பு முழுக்கக் காகிதத்தில் இருக்கட்டும். கொட்டேஷன், பணம் அனுப்பிய பேங்க் ஸ்டேட்மென்ட், தேதியோடு உப்பிய பலகையின் போட்டோ, வாட்ஸ்அப் உரையாடல், பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிய நோட்டீஸ் என எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி ஏ1, ஏ2 என்று எண் போட்டு, புகாரில் ஒவ்வொரு வரிக்கும் எது ஆதாரம் என்று அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள். வாட்ஸ்அப்பையும் போட்டோவையும் வெறும் பிரிண்ட்டாகக் கொடுக்காமல், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63(4)-ன்படி மின்னணு ஆதாரத்துக்குத் தர வேண்டிய சான்றையும் சேர்த்துவிடுங்கள், பிறகு ஆட்சேபணை சொல்வது கஷ்டம்.

இன்னொன்று, ஆணையம் அனுப்பும் நோட்டீஸும் புகார் நகலும் எதிர்த்தரப்பின் கைக்குப் போன நாளைக் குறித்து வையுங்கள். பதிலுரை போட 30 நாள், ஆணையம் மனம் வைத்தால் மேலும் 15, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே 2020-ல் சொல்லிவிட்டது. 45 நாள் தாண்டி அவர்கள் பதிலுரையோடு வந்தால் நீங்கள் எழுந்து சொல்ல வேண்டிய ஒரே விஷயம் அதுதான்.

பார் ரூம்:
நான் தொழில்முறை வக்கீல். மேலே சொன்னது சரி, ஆனால் இந்தக் கேஸின் உயிர் வேறு இடத்தில் இருக்கிறது. அது பி.டபிள்யூ.ஆர் பலகை இல்லை என்று யார் சொல்வது? உங்கள் வாய்ச்சொல் போதாது. பலகையைப் பரிசோதனைக்கு அனுப்பக் கேட்டு அதே 2019 சட்டத்தின் 38(2)(சி) பிரிவின் கீழ் மனு போடுங்கள், கட்டணத்தை முதலில் உங்களையே கட்டச் சொல்லலாம். இல்லையென்றால் நேரில் பார்த்து அறிக்கை தர, நிபுணரோடு வழக்கறிஞர் ஆணையரை (ஆணையம் நியமிக்கும் வக்கீல்) அனுப்பக் கேளுங்கள். அது முடியும்வரை அந்தக் கேபினெட்டைக் கழற்றாதீர்கள், தயவுசெய்து வேறு ஆசாரியை விட்டுச் சரிசெய்யவும் வேண்டாம். ஆதாரம் போய்விட்டால் நானே வந்து வாதாடினாலும் பயனில்லை.

அப்புறம், பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். புகாரை எழுதித் தர மட்டும் அவர்களை வைத்துக்கொண்டு, ஆஜராவதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பாகப்பிரிவினை, கிரிமினல் கேஸ் என்றால் நானே உங்களைத் தனியாகப் போக விடமாட்டேன், குறுக்கு விசாரணை தெரியாமல் அங்கே நின்றால் நஷ்டம் பெரிது.

உறையூர்வாசி:
பெண்களுக்கு அப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது சார், நன்றி. நாளை நேரில் போகிறேன். ஒரே சந்தேகம், எதிர்த்தரப்பு வக்கீல் திடீரென்று ஏதாவது தீர்ப்பைக் காட்டினால் என்ன செய்வது?

பார் ரூம்:
உடனே பதில் சொல்லாதீர்கள். ‘நகல் கொடுக்கச் சொல்லுங்கள் ஐயா, படித்துவிட்டு எழுத்துப்பூர்வமாகப் பதில் தருகிறேன்’ என்று கேளுங்கள். நியாயமான கோரிக்கை, பொதுவாக மறுக்க மாட்டார்கள்.

ஏசிக்காரர்:
வாய்தா தேதி எதையும் தவறவிடாதீர்கள். வக்கீல் என்றால் ஜூனியரை அனுப்பிவிடுவார், உங்களுக்கு அப்படி ஆள் இல்லை, நீங்கள் வராவிட்டால் கேஸ் உங்களுக்குப் பாதகமாகப் போய்விடக்கூடும். போக முடியாத நாளென்றால் முன்கூட்டியே மனு கொடுத்து வீடியோ கான்ஃபரன்ஸில் ஆஜராக அனுமதி கேட்டுவிடுங்கள், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.