பிளாட்பெட் ஸ்கேனரில் நெகட்டிவ்: நீளக் கோடுகளும் வானவில் வளையங்களும்

கேள்வி (ஏற்காடு)

வணக்கம். என் மாமனார் இங்குள்ள காப்பித் தோட்டங்களிலும் கோடை விழா மலர்க் கண்காட்சியிலும் எடுத்த நெகட்டிவ்களை, மூடியில் விளக்குள்ள பழைய பிளாட்பெட் ஸ்கேனர் ஒன்றில் ஸ்கேன் செய்து வருகிறேன். அவற்றில் 120 அளவுக் கருப்பு வெள்ளை ஃபிலிமும் 35 மி.மீ. வண்ண ஃபிலிமும் உண்டு. ஃபிலிம் ஹோல்டர் இல்லாததால், கண்ணாடி முழுவதையும் மூடும்படி கருப்பு அட்டை வெட்டி, நடுவில் சன்னல் திறந்து, ஃபிலிமை நேரே கண்ணாடியின் மேல் வைக்கிறேன். எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நீளக் கோடுகள் விழுகின்றன. நிறமும் நிலையாக இல்லை. 120 ஃபிலிமில் வானவில் வளையங்கள் தெரிகின்றன. தூசு நீக்கும் வசதியை இயக்கினால் கருப்பு வெள்ளைப் படங்களில் முகங்களே சிதைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1 (அஸ்தம்பட்டி, சேலம்)

கோடுகளுக்கும் நிறக் கோளாறுக்கும் உங்கள் அட்டையே காரணமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் கருவி, கண்ணாடியின் தலைப்பகுதியில் உள்ள ஒரு பட்டையின் வழியாக மூடி விளக்கின் ஒளியை அளந்து, அதை வைத்தே சென்சாரைச் சரிசெய்துகொள்கிறது. அந்தப் பட்டையை அட்டை மறைத்தால் நிறம் கெடும். அங்கே ஒரு தூசு கிடந்தாலும் அது படத்தின் முழு நீளத்துக்கும் கோடாக இழுபடும். நிறுவன ஹோல்டர்களின் தலைப்பில் திறந்த பிளவு இருப்பது இதற்காகத்தான். அட்டையின் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, கண்ணாடியை அங்கே நன்றாகத் துடையுங்கள்.

முகங்கள் சிதைவதற்குக் காரணம் வேறு. தூசு நீக்கும் வசதி அகச்சிவப்பு ஒளியால் இயங்குவது. வண்ண ஃபிலிமின் சாயங்கள் அவ்வொளியை ஊடுருவ விடுவதால் தூசு மட்டும் தனித்துத் தெரியும். வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமின் படமோ வெள்ளியால் ஆனது, அது ஒளியைத் தடுப்பதால் மென்பொருள் படத்தையே தூசு என்று எடுத்துக்கொள்கிறது. அவற்றுக்கு வசதியை அணைத்துவிட்டு ஊதுபந்தை நம்புங்கள். கோடாக்ரோம் என்ற பழைய வண்ண ஃபிலிமின் ஸ்லைடுகளிலும் இதே தொல்லை ஓரளவு வரும்.

பதில் 2 (செவ்வாய்ப்பேட்டை)

வளையங்கள் நியூட்டன் வளையங்கள். ஃபிலிமின் வழுவழுப்பான பின்புறம் கண்ணாடியை ஏறக்குறைய தொடும்போது, இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தில் ஒளி பிரதிபலித்துக் குறுக்கிடுவதால் உண்டாகின்றன. படம் பதிந்துள்ள மங்கலான எமல்ஷன் பக்கம் கீழே வருமாறு திருப்பி வையுங்கள். இடவலம் மாறுவதை மென்பொருளில் சரிசெய்துகொள்ளலாம். அதைவிட நல்ல வழி, தடித்த அட்டைச் சட்டத்தால் ஃபிலிமைக் கண்ணாடியிலிருந்து சற்று உயர்த்துவது. உயரம் மாறினால் கூர்மையும் மாறும் என்பதால் ஒன்று, இரண்டு, மூன்று மி.மீ. என வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

விளம்பரத்தில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கான புள்ளிகள்) என்று போட்டிருந்தாலும் 2400 போதும், 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் அதிலேயே ஏறத்தாழ 3400க்கு 2270 புள்ளிகள் தரும், அதற்கு மேல் இவ்வகைக் கருவிகளில் கோப்பின் அளவுதான் கூடும்.

ஏற்காட்டு ஈரத்தில் பூஞ்சை பிடித்த நெகட்டிவ்கள் இருந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம். பூஞ்சை தின்ற ஜெலட்டின் நீரில் கரைந்து, படமும் அதோடு போய்விடும்.

கேட்டவர்

அட்டையின் தலைப்பை வெட்டியதும் கோடுகள் மறைந்தன, வண்ணமும் நிலைத்தது. இரண்டு மி.மீ. உயரத்தில் வளையமும் இல்லை. நன்றி.