ஸ்டெஃபி கிராஃபின் ஸ்லைஸ் பேக்ஹேண்ட்: பலவீனமா, ஆயுதமா?

கேள்வி
ஜெர்மன் டென்னிஸ் வீராங்கனை கிராஃபோட பழைய மேட்ச் எதை எடுத்துப் பார்த்தாலும் பேக்ஹேண்ட் பக்கம் (ராக்கெட் பிடிக்கிற கைக்கு எதிர்ப்பக்கம்) பெரும்பாலும் ஸ்லைஸ்தான் (பந்து பின்னோக்கிச் சுழல அடிக்கிறது). டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழல அடிக்கிறது) அபூர்வம். ஆனா 22 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம், 377 வாரம் முதலிடம், 1988-ல் நாலு ஸ்லாமோட சியோல் ஒலிம்பிக் தங்கம். டாப்ஸ்பின் வராததாலதான் ஸ்லைஸ்னு சிலர் சொல்றாங்க, சரியா? ஒற்றைக்கை பேக்ஹேண்ட் ஆடுறவங்க இதுல எதைக் கத்துக்கலாம்?

பதில் 1
வராம இல்ல. எதிராளி நெட்டுக்கு ஏறினா பாஸிங் ஷாட்டுக்கு (அவரைத் தாண்டி அடிக்கிறதுக்கு) கிராஃப் டாப்ஸ்பினைத்தான் எடுப்பார். ராலியில (பந்து மாறி மாறி அடிபடும்போது) ஸ்லைஸ் ஆடினது அடுத்த பந்துக்காக. ஸ்லைஸ் காத்துல மெதுவா போகும், அதுக்குள்ள அவர் பேக்ஹேண்ட் மூலையைச் சுத்தி வந்து ஃபோர்ஹேண்டுக்கு (ராக்கெட் கைப்பக்க அடிக்கு) தயாராகிடுவார். அந்தப் பக்கம் பந்து எழும்பாம வழுக்கிட்டுப் போறதால எதிராளி குனிஞ்சு தூக்கித்தான் அடிக்கணும். தூக்கின பந்து கிராஃபோட ஃபோர்ஹேண்டுக்கு வந்தா பாயின்ட் அவருக்குத்தான். அந்த ஃபோர்ஹேண்டை ரொம்பத் தாமதமா, உடம்பை ஒட்டி அடிப்பார். கால் அவ்வளவு வேகமா இல்லாதவங்க அதைக் காப்பியடிக்கக் கூடாது.

பதில் 2
ஒத்துக்கறேன், ஆனா அந்தத் திட்டத்துல ஓட்டையும் இருந்தது. 1990 யு.எஸ். ஓப்பன் ஃபைனல்ல அர்ஜென்டினாவோட சபாட்டினி கிராஃபுக்கு எதிரா அடிக்கடி நெட்டுக்கு ஏறி 6-2, 7-6 ஜெயிச்சார். மெதுவா வர்ற ஸ்லைஸ் ஏறி வர்றவங்களுக்கு நேரம் கொடுக்கும். கிராஃபோட இன்னொரு பெரிய போட்டியாளர் மோனிகா செலஸ் வேற மாதிரி: ரெண்டு பக்கமும் இரட்டைக்கை, பந்து எழும்பும்போதே அடிச்சிடுவார், கிராஃப் சுத்தி வர நேரமே இருக்காது. தரை எவ்வளவு மாத்துதுன்னு 1992-ஐப் பாருங்க. பிரெஞ்சு ஓப்பன் களிமண்ல செலஸ் 6-2, 3-6, 10-8. சில வாரம் கழிச்சு விம்பிள்டன் புல்லுல கிராஃப் 6-2, 6-1. புல்லுல அந்த ஸ்லைஸ் எழும்பவே இல்ல.

பதில் 3
கத்துக்க நினைக்கிறவங்களுக்கு:

கான்டினென்டல் கிரிப் (சுத்தியலைப் பிடிக்கிற மாதிரிப் பிடி). தோளை முழுசாத் திருப்பி, இடது கையால ராக்கெட்டோட கழுத்தைப் பிடிச்சு, தலைப்பகுதியைத் தோளுக்கு மேல கொண்டு போங்க (வலது கைக்காரங்களுக்குச் சொல்றேன்). வலது கால்ல எடையை இறக்கி, பந்தை அந்தக் காலுக்குச் சற்று முன்னாடி சந்திக்கணும். ராக்கெட்டோட முகம் (பந்தைத் தொடுற பரப்பு) லேசாத்தான் மேல்நோக்கித் திறந்திருக்கணும்.

பெரும்பாலானவங்க சறுக்கறது ஒரே இடத்துலதான்: பந்தை மேலிருந்து கீழ வெட்டுறாங்க. வெட்டினா சுழற்சி கிடைக்கும், முன்னோக்கின வேகம் கிடைக்காது. பந்து மிதந்து பாதி கோர்ட்ல விழுந்து நல்லா எழும்பி நிக்கும், எதிராளிக்குப் பரிசு. ராக்கெட் மேலிருந்து வரட்டும், ஆனா பந்துக்குள்ள புகுந்து இலக்கை நோக்கி நீளமாப் போகணும். அடிக்கும்போது இடது கையைப் பின்னாடி விரிச்சா மார்பு பக்கவாட்டுல நிக்கும். விரிக்கலைன்னா உடம்பு திரும்பி பந்து பக்கவாட்டுல ஓடும். மணிக்கட்டு ஆடவே கூடாது.

பயிற்சிக்கு கிராஸ்கோர்ட் (மூலைவிட்டமா அடிக்கிறது) மட்டும். நெட் நடுவுல 91.4 செ.மீ., கம்பத்துக்கிட்ட 107. நடு வழியாப் போறதால தாழ்வா அடிக்க இடமிருக்கு. பந்து சர்வீஸ் கோட்டைத் தாண்டி விழணும். விழுந்தப்புறம் முழங்காலுக்கு மேல எழும்பினா இன்னும் வெட்டிக்கிட்டுதான் இருக்கீங்க.

பதில் 4
இன்னொண்ணு. 2001-ல் விம்பிள்டன் முழுக்க ரைகிராஸுக்கு (ஒரு வகைப் புல்) மாறினப்புறம் பந்து முன்னைவிட நல்லா எழும்புது. அதனால கிராஃப் அளவுக்கு ஸ்லைஸை மட்டும் நம்பி ஆட முடியாது. ஆனா மூணு வகையில இன்னமும் செல்லும்: இரட்டைக்கைக்காரங்களைக் குனிய வைக்க, ராலியோட வேகத்தைக் குறைக்க, மூலைக்கு இழுக்கப்பட்டா திரும்பி வர நேரம் வாங்க. ஆஸ்திரேலிய வீராங்கனை ஆஷ் பார்ட்டி 2021 விம்பிள்டன் ஜெயிச்ச மேட்ச்களைப் பாருங்க. அவர் இரட்டைக்கை டாப்ஸ்பினும் வச்சிருந்தார், ஸ்லைஸை எப்ப எடுக்கிறார்னு கவனிச்சாலே போதும்.