திருவாசகம் நடத்திய கத்தோலிக்க ஐயா

காரைக்குடியில் எம்.ஏ. தமிழ் படித்தபோது எங்களுக்குத் திருவாசகம் நடத்திய ஐயா ஒரு கத்தோலிக்கர். வகுப்பில் பாதிப் பேர் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள், திருவாசகத்தை முழுதாக ஓதும் முற்றோதல் கேட்டு வளர்ந்தவர்கள். 'இவருக்கு என்ன தெரியப்போகுது' என்றுதான் நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஜி.யு. போப்பிலிருந்து தொடங்கினார். 1900-இல், 80 வயதில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பாதிரியார். "அவர் கும்பிட்ட சாமி வேற. இளக்காரமாப் படிச்சிருந்தா இத்தனை வருசம் இதுல உக்காந்திருக்க முடியுமா?" என்றார். தெரியாததை எங்களிடமே கேட்பார். "சிவபுராணம் உங்க வீட்ல எப்பெப்பப் பாடுவாக?" அப்பத்தாவிடம் கேட்டு வந்து சொன்னேன்: பூசையில் பாடுவோம், உயிர் பிரியும் நேரத்திலும் பாடுவோம். அதைக் குறித்துக்கொண்டார்.

ஒருமுறை தேர்வில் நான் பார்த்து எழுதியதாக எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். நான் பார்த்து எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து வகுப்புக்கு வந்ததும், நின்றபடியே, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. மன்னிச்சிரும்மா" என்றார். ஏன் எல்லார் முன்னாலும் என்று பிறகு தனியாகக் கேட்டேன். "எங்க பாவசங்கீர்த்தனத்துல செஞ்ச பாவத்தைச் சாமியார்ட்ட சொன்னா மட்டும் தீராது. நாலு பேர் முன்னாடி போட்ட பழியை நாலு பேர் முன்னாடிதான் எடுக்கணும்." தன் விசுவாசத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அன்றுதான், அதுவும் நான் கேட்டதால்.

*

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கணக்கு மேடமும் கிறித்தவர். அரியர் வைத்தவர்களைச் சனிக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார், காசு வாங்காமல். ஒருநாள் நான் ஒருவன்தான் போனேன். திருப்பி அனுப்பவில்லை, இரண்டு மணிநேரம் எடுத்தார். காணாமல்போன ஒரு ஆட்டைத் தேடிப்போன மேய்ப்பன் கதை பைபிளில் இருப்பது பின்னால்தான் எனக்குத் தெரியும்.

*

எனக்கு வாய்த்த கிறித்தவ ஆசிரியர் வேறு மாதிரி. கல்லூரிப் பெயர் வேண்டாம். வகுப்பு முடிந்ததும் ஜெபத்துக்கு இருக்கச் சொல்வார். இன்டர்னல் மார்க் போடுகிறவர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது? நானும் கிறித்தவள்தான். எனக்கே கூசியது.

*

முதலில் எழுதியவள்தான். நீங்கள் சொல்வது சரி, எங்கள் ஐயா கையிலும் மார்க் இருந்தது. கத்தோலிக்கப் புனிதர் அருளானந்தர் 1693-இல் வெட்டுண்ட ஓரியூருக்கு ஐயா வருசாவருசம் போவார். நானும் வரட்டுமா என்று நானாகக் கேட்டபோதுகூட, "ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் வா" என்றார்.

ரிசல்ட் வந்த மறு வருசம் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.