ஹைப்பர்நோவாவின் மிகை ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
பெருநிறை விண்மீனின் இரும்பு உள்ளகம் இடிந்து விழும்போது வெளிப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 99 விழுக்காட்டை நியூட்ரினோக்களே கொண்டுசென்றுவிடுகின்றன என்றும், மிஞ்சும் ஒரு விழுக்காடு, அதாவது 10-இன் 51ஆம் அடுக்கு எர்க் அளவிலான ஆற்றல், புற அடுக்குகளைச் சிதறடிக்கிறது என்றும் படித்திருக்கிறேன். அப்படியிருக்க, ஹைப்பர்நோவா (வழக்கமான சூப்பர்நோவாவைவிடப் பன்மடங்கு ஆற்றல் மிக்க விண்மீன் வெடிப்பு) எனப்படும் எஸ்என் 1998பிடபிள்யூவுக்கு அதைப்போல் பத்து மடங்குக்கும் மேலான இயக்க ஆற்றல் எப்படிக் கிடைத்தது? அதை எவ்வாறு கணக்கிடுகிறார்கள்?

மறுமொழி 1:
கணக்கிடும் முறையை மட்டும் சொல்கிறேன். 1998பிடபிள்யூவின் நிறமாலையில் உட்கவர் வரிகள் (ஒளி உறிஞ்சப்பட்டதால் தோன்றும் இருண்ட கோடுகள்) ஒன்றோடொன்று கலந்துவிடும் அளவுக்கு அகன்றிருந்தன; டாப்ளர் விளைவின்படி, வெளிப்புறப் பொருள் நொடிக்குச் சுமார் 30,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது என்பதே அதன் பொருள். ஒளி எத்தனை நாள்களில் உச்சத்தை அடைந்து தணிகிறது என்பதிலிருந்து சிதறிய நிறையை மதிப்பிடலாம். இவ்விரண்டும் தெரிந்தால் இயக்க ஆற்றல் தெரிந்துவிடும். ஆனால் வெடிப்பு எல்லாத் திசையிலும் ஒரே சீராக நிகழ்ந்தது என்று கொண்டால்தான் மிகப் பெரிய மதிப்புகள் வருகின்றன. நீள்வடிவ வெடிப்பாகக் கொண்டால் அவை குறைகின்றன. எனவே 'பத்து மடங்கு' என்பதை ஓர் ஏகதேச அளவாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 2:
நியூட்ரினோக்களின் உந்துதல் மட்டும் இதற்குப் போதாது என்பதால், ஆற்றலின் ஊற்று உள்ளகத்தின் சுழற்சியே என்று பெரும்பாலோர் கருதுகின்றனர். ஸ்டான் வூஸ்லி 1993-இல் முன்வைத்த கொலாப்சர் மாதிரியில், உள்ளகம் கருந்துளையாகிவிட, வேகமாகச் சுழலும் எஞ்சிய பொருள் நேராக உள்ளே விழ முடியாமல் வட்டாகத் திரண்டு, துருவங்களின் வழியே தாரைகளைப் பீய்ச்சுகிறது. மில்லிநொடிக்கு ஒருமுறை சுழலும் மேக்னட்டார், அதாவது மிக வலிய காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்தான் காரணம் என்பது மாற்றுக் கருத்து. அதன் சுழற்சி ஆற்றல் 10-இன் 52ஆம் அடுக்கு எர்க்கைச் சற்றே தாண்டும். 1998பிடபிள்யூவுக்குச் சொல்லப்படும் உயர்ந்த மதிப்புகள் சரியென்றால் அது போதுமா என்பது ஐயமே; நான் கருந்துளையின் பக்கம்தான் சாய்வேன்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் ஒவ்வொரு ஹைப்பர்நோவாவுடனும், அத்தகைய தாரைகளிலிருந்து எழும் காமாக் கதிர் வெடிப்பு தோன்ற வேண்டுமல்லவா?

மறுமொழி 2:
தோன்றுவதில்லை. 1998 ஏப்ரல் 25 அன்று பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் கண்ட காமா வெடிப்பின் திசையிலேயே 1998பிடபிள்யூ கண்டறியப்பட்டது. இத்தொடர்பு குறித்து இருந்த ஐயத்தை, 2003 மார்ச் 29 வெடிப்போடு வந்த எஸ்என் 2003டிஎச் பெரும்பாலும் நீக்கியது. ஆயினும் எம்74 விண்மீன் மண்டலத்தில் தோன்றிய எஸ்என் 2002ஏபி அகன்ற வரிகளைக் காட்டியும் காமாக் கதிர் எதுவும் பதிவாகவில்லை. தாரை வேறு திசையில் சென்றிருக்கலாம், விண்மீனுக்குள்ளேயே அடங்கியிருக்கலாம், அல்லது உருவாகாமலே போயிருக்கலாம்.