புதுப்பிப்பு: டியூன்டு பைப் மாட்டிய எஞ்சின் மேலே போனதும் அணைவது

முன்பு கேட்டது இதுதான்: மாடல் விமானத்தில் 10 சிசி டூ-ஸ்ட்ரோக் க்ளோ எஞ்சின் (சூடான கம்பிச்சுருள் உள்ள ப்ளக்கால் எரிபொருளைப் பற்றவைப்பது), டியூன்டு பைப் (அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி சக்தியைக் கூட்டும் புகைக்குழாய்), தரையில் ஒழுங்காக ஓடும், பறக்கும்போது சூடேறி அணைந்துவிடும்.

இப்போது சரியாகிவிட்டது. பைப் நீளம் போதவில்லை. குட்டையான பைப்பில், அதன் கடைசியில் குறுகும் பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை சீக்கிரம் வந்துவிடும், அதனால் பைப் வேலை செய்யத் தொடங்கும் வேகமும் அதிகம். தரையில் எஞ்சின் அதை எட்டவே இல்லை, மேலே ப்ராப்பின் (சுழலும் இறக்கையின்) சுமை குறைந்து ஆர்பிஎம் ஏறியதும் பைப் திடீரென்று பிடித்துக்கொள்ள, தரையில் வைத்த நீடில் (எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ஊசித் திருகு) அங்கே லீனாகிவிடுகிறது, அதாவது எரிபொருள் போதாமல் எஞ்சின் சூடேறி அணைகிறது. நீளமான ஹெடர் (எஞ்சினையும் பைப்பையும் இணைக்கும் குழாய்) வாங்கி, சில மில்லிமீட்டராக வெட்டி (ஒரேயடியாக வெட்டினால் ஒட்டவா முடியும்?) டேக்கோமீட்டரில் ஆர்பிஎம் பார்த்தேன். நீடிலையும் கொஞ்சம் ரிச்சாக (எரிபொருள் கூடுதலாக) விட்டேன். அப்புறம், எரிபொருளில் நைட்ரோவை (நைட்ரோமீத்தேனை) கூட்டச் சொன்னவர்களுக்கு: இதற்கு அது மருந்தில்லை.