கடைவாய்ப் பல் பிடுங்கி ஏழு கிழமை, நாடி (மோவாய்) இன்னும் விறைப்பு

வணக்கம். நான் களுவாஞ்சிகுடி. கீழ்த்தாடை வலப்பக்க ஞானப்பல் சரிந்து முளைத்திருந்ததால் ஒரு தனியார் கிளினிக்கில் வெட்டி எடுத்தேன். விறைப்பூசி அன்றைக்கே விட்டுவிடும் என்றார்கள். ஏழு கிழமையாயிற்று, வலப்பக்கக் கீழ்ச்சொண்டும் நாடியும் இன்னும் என்னுடையவை இல்லை. தேத்தண்ணி வழிவது மனைவி சொல்லித்தான் தெரிகிறது. சவரம் செய்யவே பயம். நாக்கில் ருசி, உணர்ச்சி எல்லாம் சரி. ஆகவே நாக்கு நரம்பு தப்பிவிட்டது போல.

தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பு ஞானப்பல் வேரோடு ஒட்டிக் கிடக்கலாமாம். நசுங்கியிருந்தால் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், அறுந்திருந்தால் காத்திருந்து காலத்தைக் கடத்தக்கூடாது என்று வாசித்தேன். எனக்கு எது என்று யாரும் சொல்லவில்லை. பி12 குளிசை மட்டும் தந்தார்கள். கடந்த கிழமை முதல் நாடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. நல்ல சகுனமா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் வாய், தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் இதற்காகக் காட்டியவர்கள் இருக்கிறீர்களா? கிளினிக் எந்த நாள், வைத்தியர் எழுதித் தரும் துண்டு தேவையா? இல்லை, நேரே பேராதனைப் பல் வைத்தியசாலைக்கே போவதா? முப்பரிமாண ஸ்கேன் எங்கே எடுத்தீர்கள்? உணர்ச்சி திரும்பியவர்கள் எத்தனை மாதத்தில் என்றும் சொல்லுங்கள். கிராம்பு எண்ணெய் வேண்டாம், மாமி ஏற்கெனவே பூசிவிட்டார்.