கச்சத்தீவில் காதில் விழாமல் போன பெயர்

தங்கச்சிமடம் மருமகள்:
2019 அந்தோணியார் திருவிழாவுக்குக் கச்சத்தீவு போனேன். பதிவு, சுங்கச் சோதனை, விசைப்படகு எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன். 285 ஏக்கர் தீவு. கார், பைக் எதுவும் கிடையாது, எல்லாருக்கும் நடைதான். இரவு தேர்பவனி முடிந்து மணலிலேயே படுத்தோம்.

மறுநாள் திருப்பலி முடிந்த கையோடு படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது இலங்கை நெடுந்தீவு அம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார். "நீங்கள் தங்கச்சிமடமோ பிள்ளை?" ஆமாம் என்றேன். அவருடைய சின்னம்மா இலங்கை உள்நாட்டுச் சண்டைக்கு முன்னால் எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவராம். கடிதம் நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். பெயரைச் சொன்னார். காற்று, ஒலிபெருக்கி, படகு என்ஜின், எனக்குச் சரியாக விழவில்லை. பின்னால் எங்கள் ஆட்கள் கத்துகிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

தெரியும் என்று நினைத்துக்கொண்டார். அந்த முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு, பொட்டலம் ஒன்றை என் பையில் திணித்து, "அவவிட்ட குடுத்துவிடுங்கோ" என்றார்.

நான் பரமக்குடிப் பக்கம் பிறந்தவள், தங்கச்சிமடத்தின் பழைய குடும்பங்கள் எனக்குத் தெரியாது. புழு வைத்துவிடும், கூழ் காய்ச்சிவிடு என்றார் மாமியார். கை வரவில்லை.

ராமநாதபுரத்துத் தம்பி:
அக்கா, நானும் 2023இல் போனேன். விசா இல்லாமல் ஒரு வெளிநாட்டு டிரிப் என்று நண்பர்கள் கூப்பிட்டார்கள். வெயிலில் எங்கள் அம்மாவுக்குத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் தன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றான். பெயர்கூடக் கேட்கவில்லை.

இனிமேல் போகிறவர்களுக்கு: தீவில் குடிதண்ணீர் ஊற்று கிடையாது. ஏற்பாடு செய்வார்கள் என்று நம்பாமல் ஆளுக்கு நாலு லிட்டராவது கொண்டு போங்கள். நிழல் குறைவு, முள் அதிகம், நல்ல செருப்பு வேண்டும். விரித்துப் படுக்க ஒரு சாக்கு, போர்த்த ஒரு துண்டு, கடல்காற்று விடிகாலையில் குளிரும். ஆதார் நகலை இரண்டாக எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். படகு ஏறும் முன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், போக இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். வயதானவர்களை அலை தெறிக்கும் முன்பக்கம் உட்கார வைக்காதீர்கள். அப்புறம், யாராவது உறவு விசாரித்தால் பெயரையும் ஊரையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

பாம்பன் பெரியவர்:
தம்பி, அதை வெளிநாட்டு டிரிப் என்று சொல்லாதீர்கள். மனம் பொறுக்கவில்லை. முந்தி எப்படிப் போய்வந்தோமோ அப்படியே மீனவர்களும் பயணிகளும் விசா இல்லாமல் வந்து போகலாம் என்று, கச்சத்தீவு இலங்கைக்குப் போன 1974 ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. அது சலுகை இல்லை, வழக்கம். அந்தக் கோயிலைக் கட்டியவரே நம் நம்புதாளைக்காரர் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள்.

நான் சிறுவனாக அப்பாவுடன் போனது பருத்தி வலைக் காலம். வலை காய வைக்க அங்கே இறங்குவோம். திருவிழாவில் எங்கள் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு ஒரு நெடுந்தீவுக் குடும்பம். அவர்கள் மகனுக்கும் எனக்கும் ஒரே வயது. வருடத்துக்கு ஒரு நாள்தான் பார்ப்போம், அன்று முழுக்கச் சங்கு பொறுக்குவோம். சண்டை வந்தது, திருவிழா நின்றது.

2010இல் மறுபடி போனேன். கூட்டத்தில் என் வயதுக்காரர் ஒவ்வொருவரையும் முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொடிமரத்துக்குக் கிழக்கே ஒருவர் என்னையும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். நான் நின்றேன். அவரும் நின்றார். அவனாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இருவரும் திரும்பிவிட்டோம் போலிருக்கிறது. இரவெல்லாம் தேடினேன், மறுபடி கண்ணில் படவில்லை.

படகுக்காரர் மகள்:
ஐயா, வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வழக்கத்தை நம்பித்தான் நாங்களும் இருக்கிறோம். ஆனால் 2024இல் எங்கள் மீனவர்கள் இலங்கைச் சிறையில் இருந்தபோது திருவிழாவுக்கு எப்படிப் போவது? படகு எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். இராமேஸ்வரம் துறைமுகத்தில் படகெல்லாம் கட்டியே கிடந்தது. அப்பா தனியாகப் போய் எங்கள் படகில் உட்கார்ந்து, மேற்கே திரும்பாமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நேர்ச்சைக்கு வாங்கிய மெழுகுவர்த்திக் கட்டு பிரிக்காமல் அப்படியே இருந்தது.

தங்கச்சிமடம் அக்கா, அந்தப் பெயரில் ஒரு எழுத்தாவது நினைவில்லையா?

தங்கச்சிமடம் மருமகள்:
கடைசியில் "அம்மா" என்று முடிந்தது. அவ்வளவுதான். நெடுந்தீவிலிருந்து 1983க்கு முன்னால் தங்கச்சிமடத்துக்கு மருமகளாக வந்தவர் யார் வீட்டிலாவது இருந்தால், இருந்திருந்தால், இங்கே ஒரு வரி எழுதுங்கள். நானே வீட்டுக்கு வருகிறேன்.